பெட்டியை அடைக்கும்போதே பிரிக்கும் நாளை நினையுங்கள்: பைக்கைக் கப்பலில் அனுப்புவோருக்கு

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் என் மரப்பெட்டியை இறக்கி வைத்தபோது அதில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதைத் திறக்க என் கையில் எதுவும் இல்லை. ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், முன் சக்கர ஆக்சிலுக்கான சாக்கெட் எல்லாம் பெட்டிக்குள், வண்டிக்கு அடியில், ஒரு பையில் இருந்தன. கிடங்கில் வேலை செய்த தமிழ் அண்ணன் ஒருவர் கடப்பாரை கொண்டுவந்து உதவினார். பெட்டியை அடைக்கும்போதே பிரிக்கும் நாளை நினைத்து அடைக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். இடைப்பட்ட வாரங்களில் வண்டியைத் தொடுகிற யாருக்கும் நம்மைத் தெரியாது. வண்டிக்காகப் பேச நாமும் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. நாம் கட்டிய கட்டும் எழுதி ஒட்டிய தாளும்தான் நமக்காகப் பேசும்.

முதல் முறையாக அனுப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அனுப்பியது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. சென்னையிலிருந்து மலேசியாவுக்கு, பிறகு அங்கிருந்து தரைவழிப் பயணம். முன்பெல்லாம் மணிப்பூரின் மோரே எல்லையைக் கடந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்து வரை நம்மூர் ஆட்கள் வண்டியிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். 2020-ல் கொரோனாவுக்காக அந்த எல்லையை அடைத்தார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் சண்டையும் மூண்டது. அதன்பிறகு அந்த வழியை நம்பித் திட்டம் போட முடியவில்லை. அதனால் கிழக்கே போக நினைப்பவர்களுக்குக் கடல்தான் வழி.

எப்படி அனுப்புவது

விமானத்தில் அனுப்பினால் சில நாளில் போய்ச் சேரும், ஆனால் செலவு கப்பலைப் போலப் பல மடங்கு. கார்களை ஓட்டியே ஏற்றி இறக்கும் ரோ-ரோ கப்பல்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வருகின்றன. தனி ஆளாக ஒரு பைக்கோடு போகிற நமக்கு அது எளிதில் அமையாது. மிச்சம் இருப்பது கண்டெய்னர்.

கண்டெய்னரில் இரண்டு வகை உண்டு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் ஒரு 20 அடி கண்டெய்னரை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏறத்தாழ 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம் இருக்கும். நாலு வண்டிகளைப் பெட்டி இல்லாமலேயே நிறுத்தித் தரையில் கட்டிவிடலாம். எதையும் கழற்ற வேண்டியதில்லை, அங்கே போய் நேராக உருட்டி இறக்கிவிடலாம். ஆள் சேர்ந்தால் இதுதான் சிறந்த வழி.

தனியாகப் போகிறவர்களுக்கு எல்சிஎல். பல பேருடைய சரக்கோடு உங்கள் பெட்டியும் ஒரே கண்டெய்னரில் போகும். கட்டணம் கனமீட்டர் கணக்கு: ஒரு கனமீட்டர் அல்லது ஒரு டன், இதில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. பைக் அவ்வளவு எடை வராது, அடைக்கும் இடம்தான் பெரிது. ஆகவே பெட்டியைச் சுருக்கச் சுருக்க காசு மிச்சம்.

காகித வேலை

இதைப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். முக்கியமானது கார்னெட். வண்டியை உங்கள் நாட்டில் விற்கமாட்டேன், திரும்பக் கொண்டுபோய்விடுவேன் என்று போகிற நாட்டுச் சுங்கத்துக்கு நாம் கொடுக்கும் உத்தரவாதம் அது. இந்தியாவில் மும்பையிலுள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் கொடுக்கிறது. வண்டியின் மதிப்பையும் போகிற நாடுகளையும் பொறுத்து வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். செல்லுபடி ஓராண்டு.

கார்னெட்டின் ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டுகள் இருக்கும். நாட்டுக்குள் நுழையும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார், வெளியேறும்போது இன்னொன்றை. மூன்றாவது துண்டு இரண்டு முத்திரைகளோடும் நம்மிடமே இருக்கும். வெளியேறும் முத்திரை இல்லாமல் வந்துவிட்டால் வண்டி அந்த நாட்டிலேயே தங்கிவிட்டதாகத்தான் கணக்கு, வங்கியில் கட்டிய பணத்துக்கு ஆபத்து. எல்லையில் எவ்வளவு நேரமானாலும் முத்திரை விழுந்ததைக் கண்ணால் பார்க்காமல் நகராதீர்கள்.

கார்னெட்டுக்கு விண்ணப்பிக்கும்போது சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யைப் பார்த்து எழுதாதீர்கள். வண்டியின் கழுத்தில் பொறித்திருப்பதை டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள். 17 இடம் கொண்ட சேஸிஸ் எண்ணில் ஆங்கில ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வராது. ஓ மாதிரித் தெரிவது பூஜ்யம்தான், ஐ மாதிரித் தெரிவது ஒன்றுதான். இது தெரியாமல் நான் படிவத்தில் ஓ என்று எழுதி, திருத்துவதற்கு ஒரு வாரம் போனது. கார்னெட், ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் படிவம்), கப்பல் ரசீது மூன்றிலும் ஒரே எண் இல்லையென்றால் இரண்டு துறைமுகத்திலும் சிக்கல் வரும்.

மற்றவை சீக்கிரம் முடியும். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்க வேண்டும். வண்டிக் கடன் பாக்கி இருந்தால் வங்கியிடம் என்ஓசி வாங்குங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஆர்.டி.ஓ. அலுவலகம் கொடுக்கும். பின்பக்கம் ஒட்ட ஐஎன்டி என்ற எழுத்துகள் கொண்ட நீள்வட்ட ஸ்டிக்கர் வேண்டும். நம்மூர் இன்சூரன்ஸ் வெளிநாட்டில் செல்லாது, அந்தந்த நாட்டில் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏஜென்டிடம் கேட்க வேண்டியது

சென்னையில் சுங்க வேலையைப் பார்க்க உரிமம் பெற்ற கஸ்டம்ஸ் புரோக்கர் வேண்டும், இடம் பிடித்துத் தர ஃபார்வர்டர் வேண்டும். பல இடங்களில் இரண்டையும் ஒரே அலுவலகம் செய்துகொடுக்கும். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, இதற்கு முன் கார்னெட்டில் வண்டி அனுப்பியிருக்கிறீர்களா என்பது. இல்லை என்றால், கொஞ்சம் அதிகம் கேட்டாலும் அனுப்பிப் பழகிய ஆளிடம் போங்கள்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம்: போய்ச் சேருகிற துறைமுகத்தில் நான் கட்ட வேண்டியது எவ்வளவு? எல்சிஎல்-லில் கப்பல் கட்டணத்தைக் குறைவாகச் சொல்லிச் சரக்கைப் பிடிப்பார்கள். அந்தக் குறைவை இறங்குகிற ஊரில், சரக்கை எடுக்க வருகிறவரிடம் கட்டணங்களாக வசூலித்து ஈடுகட்டுவார்கள். டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கச் சொல்லும் தாள்) கட்டணம், கிடங்குக் கட்டணம், கண்டெய்னர் பிரிக்கும் கூலி, ஆவணக் கட்டணம் என்று வரிசையாக வரும். கப்பல் கட்டணத்தைவிட இதெல்லாம் சேர்ந்து அதிகமாவது சாதாரணமாக நடக்கிறது. எனக்கும் நடந்தது. வாயால் சொன்ன தொகையை நம்பிப் போய், அங்கே அதற்கு மேல் நிறைய கொடுத்தேன். ஒவ்வொரு இனமாக எழுதிக் கேளுங்கள். கிடங்கில் எத்தனை நாள் வாடகை இல்லாமல் இருக்கும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

கழுவுவது

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மலேசியாவில் எனக்குக் கெடுபிடி இல்லை. ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ அனுப்புகிறீர்கள் என்றால் இந்த ஒரு வேலைக்கே மூன்று நாள் ஒதுக்குங்கள். அங்கே தேடுவது அழுக்கை அல்ல, அழுக்குக்குள் இருக்கும் மண்ணையும் விதையையும் பூச்சி முட்டையையும். நம்மூர் சாலையோரத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கிற பார்த்தீனியச் செடியை ஆஸ்திரேலியாவில் நாடளவில் கட்டுப்படுத்த வேண்டிய முக்கியக் களைகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். குயின்ஸ்லாந்து மேய்ச்சல் நிலத்தை அது நாசம் செய்திருக்கிறது. உங்கள் மட்கார்டுக்குள் காய்ந்து ஒட்டியிருக்கும் சேற்றில் அதன் விதை இருக்கலாம். கண்டுபிடித்தால் உங்கள் செலவில் அங்கே கழுவ வைப்பார்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பவும் முடியும். அவர்கள் பயப்படுவது நியாயம்தான். நம் வயல்களில் இந்தச் செடி செய்ததைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

வாட்டர் சர்வீஸ் விட்டு வாங்கிவந்த பிறகு பழைய டூத் பிரஷ்ஷோடு உட்காருங்கள். செயின் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றிப் பாருங்கள், கிரீஸும் மண்ணும் கட்டியாக இருக்கும். முன் மட்கார்டின் உள்பக்கம், ஆயில் கூலரின் தகடுகளுக்கு நடுவே, ஃபுட் ரெஸ்ட் ஸ்பிரிங், ஸ்டாண்டின் குழிவு, சீட்டின் அடிப்பக்கம், ஏர் ஃபில்டர் பெட்டி, டயர் பட்டன்களின் இடுக்கு எல்லாம் பாருங்கள். நெருஞ்சி முள் டயரில் குத்தி நிற்கும், குச்சியால் நோண்டி எடுங்கள். கூடவே போகிற ரைடிங் பூட்ஸின் அடியையும் கழுவுங்கள்.

கழுவிய வண்டியை ஈரத்தோடு அடைத்துவிடாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டி, ஒரு நாள் வெயிலில் விடுங்கள். பிறகு செயினுக்கு எண்ணெய், வெளியே தெரியும் இரும்பு போல்ட்டுகளுக்கும் ஸ்போக்குகளுக்கும் துருத் தடுப்பு ஸ்ப்ரே. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது கண்டெய்னரின் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். அதனால் வண்டியைச் சுற்றி பிளாஸ்டிக் தாளை இறுக்கமாகச் சுற்றுவது தவறு, ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பெட்டியின் மூடிக்கு மட்டும் உள்பக்கம் ஒரு தாள் போதும். வண்டிக்கு இரண்டு பழைய பருத்திப் போர்வை, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பைகள் நாலைந்து. சைலன்சர் வாயில் துணி அடைத்தால் அதில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டித் தொங்கவிடுங்கள், ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்க ஞாபகம் வரும்.

பெட்ரோலும் பேட்டரியும்

கப்பலைப் பொறுத்தவரை பைக் அபாயச் சரக்கு. சர்வதேச விதிகளில் வகுப்பு 9, யுஎன் எண் 3166. பெட்ரோலோடு அனுப்பினால் டேங்க்கில் கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. டேங்க் காலியாக இருந்து, பேட்டரி ஷார்ட் ஆகாதபடி பாதுகாத்திருந்தால் இந்தக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு பெற வழி உண்டு. உங்கள் கப்பல் நிறுவனம் எதை ஏற்கிறது என்று ஏஜென்டிடம் எழுத்தில் வாங்குங்கள். நான் காலியாகவே அனுப்பினேன், அதைத்தான் சொல்வேன். மின்சார பைக்குக்கு லித்தியம் பேட்டரி விதிகள் தனி. இந்தக் கட்டுரையை வைத்து அதை அனுப்பாதீர்கள்.

காலி செய்ய எளிய வழி, கடைசி வாரம் பெட்ரோல் போடாமல் ஓட்டி, விளக்கு எரிந்த பிறகு கைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்பது. வாயால் உறிஞ்ச வேண்டாம். சிலர் இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட விடுவார்கள். கார்புரேட்டர் வண்டிக்கு அது சரி. இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் பம்பு டேங்க்குக்குள்ளே பெட்ரோலில் நனைந்தபடிதான் சூடு தணிகிறது. வறண்ட டேங்க்கோடு திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் பம்பு கெடும். பம்பில் எடுத்ததோடு நிறுத்திக்கொண்டு, மூடியைத் திறந்துவைத்து காற்றோட்டமான இடத்தில், அடுப்போ விளக்கோ இல்லாத இடத்தில், ஓர் இரவு விடுங்கள்.

பேட்டரியில் நெகடிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பக்கத்தில் உள்ள ஃபிரேமில் பட்டதும் பொறி பறக்கும். இரண்டு முனைக்கும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். மூடிய வகை பேட்டரி வண்டியிலேயே இருக்கலாம், ஆசிட் ஊற்றுகிற பழைய வகை என்றால் ஏஜென்டிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கழற்றுவது

ஹிமாலயன் 411-இன் நீளம் 2.19 மீட்டர், அகலம் 84 சென்டிமீட்டர், உயரம் ஏறத்தாழ 1.36 மீட்டர். எதையும் கழற்றாமல் சுற்றி இடம் விட்டுப் பெட்டி செய்தால் 2.35, 0.95, 1.45 என்று வரும். பெருக்கினால் 3.24 கனமீட்டர். முன் சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடிகள், முன் கண்ணாடித் தடுப்பு, பக்கப் பெட்டி மாட்டும் கம்பிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அளந்தால் 2.0, 0.7, 1.2-க்குள் அடக்கலாம். அது 1.68. கிட்டத்தட்டப் பாதி. கட்டணமும் கிட்டத்தட்டப் பாதியாகும். ஆனால் எதைக் கழற்றினாலும் அந்த ஊர் கிடங்கு வாசலில், வெயிலில் உட்கார்ந்து நீங்களே மாட்ட வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டிப் பழக்கமில்லாதவர்கள் வீட்டு வாசலில் இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பழக்கம் வரவில்லை என்றால் சக்கரத்தை விட்டுவிட்டு ஹேண்டில்பாரையும் கண்ணாடிகளையும் மட்டும் எடுங்கள், அதிலேயே அகலமும் உயரமும் நன்றாகக் குறையும்.

ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டைக் கழற்றி, கேபிள்களோடு அப்படியே டேங்க் மேல் போர்வையில் சாய்த்து வையுங்கள். பிரேக் ஆயில் குப்பி தலைகீழாகப் போய்விடக் கூடாது. போனால் காற்று உள்ளே புகுந்து, அங்கே போய் பிரேக் பிடிக்காது. குப்பி நேராக நிற்கும்படி பார்த்துக் கட்டுங்கள். முன் சக்கரத்தை எடுத்ததும் பிரேக் பேடுகளுக்கு நடுவே ஒரு மரச் சீவலை வையுங்கள். கை தவறி லீவரை அழுத்தினால்கூட பேடுகள் ஒட்டிக்கொள்ளாது. ஏபிஎஸ் சென்சார் வயரை டேப்பால் ஃபோர்க்கோடு ஒட்டுங்கள், தொங்கினால் அறுந்துவிடும். ஆக்சிலை எடுத்ததும் அதன் புஷ், வாஷர், நட் எல்லாவற்றையும் கழன்ற வரிசையிலேயே திரும்ப ஆக்சிலில் கோத்து டேப் சுற்றிவிடுங்கள். மற்ற போல்ட்டுகளை அதனதன் துளையிலேயே இரண்டு சுற்று திருகி விடுவது நல்லது. முடியாதவற்றைத் தனித்தனிச் சிறு பைகளில் போட்டு, மேலே தமிழில் எழுதுங்கள். எது எங்கே இருந்தது என்பதை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடித்தளமும் கட்டும்

பெட்டியில் உயிர்நாடி அடித்தளம்தான். நாலு பக்கப் பலகையும் வெறும் உறை. கீழே ஃபோர்க்லிஃப்டின் இரண்டு விரல்கள் நுழைய 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும், அது இரண்டு பக்கத்திலிருந்தும் நுழையும்படி இருந்தால் இன்னும் நல்லது. இடைவெளி இல்லாத பெட்டியைத் தள்ளியும் சாய்த்தும்தான் நகர்த்துவார்கள்.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டாதீர்கள். சைடு ஸ்டாண்டு ஒரு புள்ளியில் பலகையைக் குத்தும், அலையில் ஆடும்போது மடங்கிவிடவும் கூடும். பின் சக்கரம் இரண்டு கட்டைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். முன்னால் சக்கரம் இல்லையென்றால் ஃபோர்க்கின் இரண்டு நுனியும் அடித்தளத்தில் பதித்த மரக்கட்டையில் உட்கார்ந்து, அவற்றின் ஊடே ஒரு கம்பி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். பிறகு நாலு ராட்செட் பெல்ட். முன்னால் இரண்டும் இரண்டு ஃபோர்க் குழாய்களைக் கீழே சேர்த்துப் பிடிக்கும் தகட்டிலிருந்து, இரு பக்கமும் விரிந்து தரைக்குப் போகட்டும். பின்னால் இரண்டும் பின் ஃபுட் ரெஸ்ட் ஃபிரேமோடு சேரும் இடத்திலிருந்து. ஹேண்டில்பாரிலும் லக்கேஜ் கேரியரிலும் கட்டக் கூடாது. கொக்கி நேராக வண்டியில் படாதபடி துணி வளையம் போட்டு மாட்டுங்கள்.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். முன் ஷாக் அப்சார்பரை முழுக்க அழுத்திவிட்டு, ஆடாமல் இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். மூன்று வாரம் அப்படியே இருந்தால் ஆயில் சீல் கசிய ஆரம்பிக்கும். மூன்றில் ஒரு பங்கு அழுந்தினால் போதும். சக்கரம் மாட்டியபடி அனுப்புகிறவர்கள் டயருக்கும் அதற்கு மேலே ஃபோர்க்கைச் சேர்க்கும் பாகத்துக்கும் நடுவே ஒரு மரக்கட்டை வைத்தால் அதற்கு மேல் அழுந்தாது. கட்டிவிட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்கி, மீந்த வாலை முடிச்சுப் போடுங்கள். அப்புறம் வண்டியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வண்டி ஆடினால் பெட்டியும் சேர்ந்து ஆட வேண்டும்.

மரத்தில் இருக்க வேண்டிய முத்திரை

பச்சை மரத்தில் பெட்டி செய்து எல்லா நாட்டுக்கும் அனுப்பிவிட முடியாது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் தொடர்ந்து சூடாகியிருக்க வேண்டும் என்பது ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி. அப்படிச் சூடாக்கிய மரத்தில் கோதுமைக் கதிர் படமும், இந்தியாவைக் குறிக்கும் ஐஎன், சூடாக்கியதைக் குறிக்கும் எச்டி எழுத்துகளும் கொண்ட முத்திரை இருக்கும். பிளைவுட்டுக்கு இது வேண்டாம், அது செய்யும்போதே சூட்டிலும் அழுத்தத்திலும் போய்வருகிறது. ஆகவே சுவர்களுக்கு பிளைவுட், அடிச்சட்டத்துக்கு முத்திரையிட்ட மரம் என்று செய்வது எளிது.

இங்கே நான் பட்ட பாடு ஒன்று உண்டு. பெட்டி முழுக்க முத்திரை மரம்தான் போட்டார் ஆசாரி. கடைசியில் பின் சக்கரத்துக்கு அடைகொடுக்கப் பட்டறையில் கிடந்த ஒரு மாங்கட்டையைப் பட்டையோடு வெட்டி அடித்துவிட்டார். எனக்கும் அது உறைக்கவில்லை. கிடங்கில் சோதித்தவர் அதைக் காட்டிய பிறகுதான், உள்ளே அடைகொடுக்கும் கட்டைக்கும் அதே விதி என்று தெரிந்தது. ஒரு பக்கச் சுவரைப் பிரித்து, கட்டையை மாற்றி, திரும்ப அடிப்பதற்குள் அந்த வாரக் கப்பல் போய்விட்டது. ஆசாரி வேலை செய்யும்போது கூடவே இருங்கள், டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு கட்டையையும் பாருங்கள்.

சுவர்களை ஆணி அடித்து மூடாமல் ஸ்க்ரூ போட்டு மூடச் சொல்லுங்கள். கிள்ளானில் எனக்குக் கடப்பாரை தேவைப்பட்டது ஆணியால்தான். எல்லா ஸ்க்ரூவும் ஒரே தலை உள்ளதாக இருக்கட்டும். அதற்கான டிரைவர் உங்கள் கைப்பையில், வேண்டாம், விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பையில் இருக்கட்டும். ஆக்சில் சாக்கெட்டும் அதிலேயே.

மூடும் முன்

சேஸிஸ் எண், இன்ஜின் எண், கிலோமீட்டர் காட்டும் மீட்டர், வண்டியின் நாலு பக்கம், ஒவ்வொரு கட்டு என்று படம் எடுங்கள். மூடிய பிறகு பெட்டியின் நாலு பக்கத்தையும், மர முத்திரையையும் எடுங்கள். சேதம் வந்தால் இந்தப் படங்கள்தான் சாட்சி.

உள்ளே ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட் போன்றவற்றை வைக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு, ஏஜென்டுக்கு ஏஜென்ட் மாறும். வைத்தால் பேக்கிங் லிஸ்ட்டில் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். செயின் ஸ்ப்ரே டப்பா, கேஸ் அடுப்பு சிலிண்டர், பவர் பேங்க், பெட்ரோல் கேன் எதுவும் வேண்டாம். ஒரு ஸ்ப்ரே டப்பாவுக்காக முழுப் பெட்டியும் நின்றுபோகலாம். சாவி ஒன்று உங்களிடம், இன்னொன்று பெட்டிக்குள் எளிதில் கைக்கு எட்டும் இடத்தில்.

வெளியே நாலு பக்கமும் மேல்நோக்கிய அம்புக்குறி, மொத்த எடை, மேலே அடுக்காதே என்ற வாசகம், உங்கள் பெயர், போகிற நாட்டிலும் எடுக்கிற ஒரு தொலைபேசி எண் எழுதுங்கள். வண்டியின் கனம் இன்ஜின் பக்கம் இருப்பதால் எடை மையம் பெட்டியின் நடுவில் இருக்காது. அது எங்கே என்று ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவருக்கு உதவியாக இருக்கும். மேலே அடுக்காதே என்று எழுதினால் மட்டும் அடுக்காமல் விடமாட்டார்கள், அதனால் நாலு மூலைக் கால்களும் மேலே வரும் கனத்தைத் தாங்குகிற மாதிரி கட்டுங்கள்.

கப்பல் ரசீதும் காப்பீடும்

பி.எல். என்கிற கப்பல் ரசீதில் பெறுபவர் பெயர் உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். இனிஷியல் வைத்து எழுதும் நமக்கு இது பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருந்தால் ரசீதிலும் விரிந்திருக்கட்டும். அச்சிடும் முன் வரைவை அனுப்பச் சொல்லி நீங்களே பாருங்கள். டெலக்ஸ் ரிலீஸ் கேளுங்கள். அசல் தாளை இங்கேயே ஒப்படைத்துவிட்டால், அங்கே அசல் காட்டாமல் சரக்கை எடுக்கலாம். ஷிப்பிங் பில்லின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். திரும்பி வரும்போது இது இங்கிருந்து போன அதே வண்டி என்று காட்ட அது வேண்டும்.

கடல் காப்பீட்டைத் தவிர்க்காதீர்கள். 2025 மே மாதம் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் 640 கண்டெய்னர்களோடு கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. கப்பல் மூழ்காவிட்டாலும் செலவு வரலாம். 2021 மார்ச்சில் எவர் கிவன் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கி நின்றது. கப்பலைக் காப்பாற்றும் செலவைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்குபோட வேண்டும் என்ற பழைய கடல் வழக்கப்படி, உள்ளே ஒரு பெட்டி வைத்திருந்தவர்கள்கூட உத்தரவாதம் கொடுத்துத்தான் சரக்கை எடுக்க முடிந்தது. காப்பீடு இருந்தால் அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பழைய வண்டிக்கு முழு இழப்புக்கு மட்டும் காப்பீடு தருவது வழக்கம், கீறலுக்கும் நெளிவுக்கும் சேராது. வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட்டைக் கப்பல் கிளம்பிய பிறகு எடுங்கள். சென்னைக்கும் கிள்ளானுக்கும் நடுவே கப்பல் ஓடுவது சில நாள்தான், மற்ற நாளெல்லாம் இரண்டு பக்கத்துக் கிடங்கிலும் கழிகிறது.

அங்கே போனதும்

சரக்கு வந்த அறிவிப்பு வந்ததும் கட்டணத்தைக் கட்டி டெலிவரி ஆர்டர் வாங்குங்கள். கார்னெட்டோடு சுங்க அலுவலகம் போங்கள், அதிகாரி எண்ணைச் சரிபார்த்து முத்திரை போடுவார். இதைக் காலையிலேயே தொடங்குங்கள், வெள்ளிக்கிழமை மதியம் போய் மாட்டிக்கொண்டால் வாடகை ஓடும்.

கிடங்குக்குப் போகும் வழியில் ஒரு பங்க்கில் இரண்டு லிட்டர் பெட்ரோலை முறையான கேனில் வாங்கிக்கொள்ளுங்கள், குடிக்கத் தண்ணீரும். பெட்டியின் ஒரு பக்கச் சுவரை மட்டும் எடுத்து முதலில் படம் எடுங்கள். சேதம் இருந்தால் கிடங்குக்காரரை அழைத்துக் காட்டி, ரசீதில் எழுதி வாங்கிய பிறகு மீதியைப் பிரியுங்கள். பேடுகளுக்கு நடுவே உள்ள சீவலை எடுத்துவிட்டு முன் சக்கரத்தை மாட்டுங்கள், மாட்டியதும் லீவர் கெட்டியாகும்வரை பிரேக்கை அழுத்துங்கள். பேட்டரியில் இப்போது பாசிட்டிவ் முதலில், நெகடிவ் பிறகு. சைலன்சர் துணியை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். காற்று அளவைச் சரிபாருங்கள். அதே துறைமுகம் வழியாகத் திரும்புகிறீர்கள் என்றால் பெட்டியை வைத்திருக்க யாரிடமாவது பேசுங்கள். இல்லையென்றால் பலகையை எங்கே போடுவது என்று கிடங்கிலேயே கேளுங்கள், வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முதல் 50 கிலோமீட்டரில் வண்டியை ஓரமாக நிறுத்தி ஆக்சில் நட்டையும் ஹேண்டில்பார் போல்ட்டுகளையும் பேட்டரி முனைகளையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். எனக்கு ஹேண்டில்பாரில் ஒரு போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது.